இடது ஓரத்துப் பந்து

கடற்கரையில் ஆடுகிற வாலிபால் என்று தனியாக ஒன்று இருப்பது எனக்குப் பத்தொன்பது வயது வரை தெரியாது. 2006-இல் சிதம்பரத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயந்திரம் எங்கள் காலேஜ் வாலிபால் கோச் சார் என்னையும் இன்னொருத்தியையும் கூப்பிட்டு, "மாவட்டத்துலேர்ந்து பொண்ணுங்க ஜோடி ஒண்ணு அனுப்பணும். மணல்ல ஆடணும். டீமுக்கு ரெண்டே பேருதான்" என்றார்.

"மீதி நாலு பேரு சார்?" என்று கேட்டேன்.

"அந்த நாலு பேரு வேலையையும் நீங்களேதான் பாக்கணும்."

அந்த இன்னொருத்தி என்னைவிட ஒரு வருஷம் பெரியவள். சிதம்பரம் மேல வீதியில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. கீழே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மாடியில் சரக்கு எடுக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவளுக்கு. மைதானத்தின் இந்த மூலையிலிருந்து கத்தினால் அந்த மூலையில் மாடு திரும்பும். அவளைப் பற்றிப் பேசும்போது நான் 'என் ஜோடி' என்றுதான் சொல்வேன். பஸ்ஸில் அப்படிச் சொன்னால் முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு சொல் எனக்கு அகப்படவில்லை, இன்றைக்கும்.

பயிற்சிக்குக் கடலூர் சில்வர் பீச் என்று முடிவானது. எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில், அப்பா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். வீட்டிலிருந்து பீச்சுக்குச் சைக்கிளில் போய்விடலாம். ஆனால் அம்மா முடியாது என்றாள். சுனாமி வந்து அப்போது இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அன்றைக்குக் காலையில் ஜனங்கள் நனைந்த துணியோடு மஞ்சக்குப்பம் மைதானம் வரை ஓடிவந்ததைப் பார்த்தவள் அவள். அதன் பிறகு மீன் வாங்கக்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

"விளையாடறதுக்கு ஊர்ல வேற எடமே இல்லையா?"

"மணல் வேணும்மா."

"மணல் வேணும்னா கெடிலம் ஆத்துல போய் ஆடு."

கடைசியில் அப்பா கூட வருவதாகச் சொல்லி அனுமதி வாங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை டி.வி.எஸ். ஃபிப்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆட்டத்தை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் ஆடி முடிக்கும் வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணலில் முதல் நாள் நான் குதிக்கப் போனேன், மணல் காலை விடவில்லை. உள் மைதானத்தில் வலைக்கு மேலே முழங்கை வரை வரும் எனக்கு அன்றைக்கு விரல் நுனிதான் எட்டியது. காற்று பந்தை எங்கேயோ கொண்டுபோயிற்று. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தோம். "இது விளையாட்டு இல்லடி, தண்டனை" என்றாள் அவள். அடுத்த ஞாயிறு சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து எனக்கு முன்னால் வந்து நின்றதும் அவள்தான்.

நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். அப்படித்தான் தானாக அமைந்தது. அவள் தூக்கிக் கொடுப்பாள், நான் அடிப்பேன். ஆட்டம் தொடங்கி முடியும் வரை அவள் வாய் மூடாது. "ஓரம்!" "உள்ள விழுது!" "விடு, விடு, வெளிய!" "முன்னாடி ஓடு!" எனக்கு எரிச்சலாக இருக்கும். பந்து எனக்கும்தானே தெரிகிறது என்று நினைப்பேன். ஆனால் அவள் சொல்கிற இடத்தில்தான் அது விழும். எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, தலையை லேசாக இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பேன். கோச் சார் அதை ஸ்டைல் என்பார். சின்னப் பிள்ளைகள் அதேபோல் நின்று காட்டிச் சிரிப்பார்கள்.

அந்த வருஷமே மாநில அளவில் இரண்டாம் இடம் வந்தோம். அடுத்த வருஷம் முதல் இடம். அதற்கப்புறம் கரையோரம் எங்கே போட்டி வைத்தாலும் போனோம். கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துத் தூங்கினோம், ரயிலில் பந்துப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு போனோம். பத்திரிகையில் ஒருமுறை எங்கள் படம் வந்தது, முழங்காலுக்கு மேல் நிற்கிற டைட்ஸோடு. அதைக் கோர்ட்டில் யாரோ அப்பா மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "பந்து மட்டும் தெளிவா விழல" என்றார்.

2009-இல் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார்கள். ஜோடியாக ஆடுகிறவர்கள் ஜோடியாக வேலைக்குப் போவது எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் கேள்விப்படாதது. வேலை கையில் வந்த மாதிரிதான். மிச்சம் இருந்தது உடல் பரிசோதனை ஒன்றுதான். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். எடை, உயரம், ரத்தம் எல்லாம் முடிந்து கடைசியாகக் கண். அவள் முதலில் போய் வந்து, "அஞ்சு நிமிஷம்தான், போ" என்றாள்.

உள்ளே டாக்டர் ஒருவர், நடு வயது. சின்ன அட்டை ஒன்றால் என் இடது கண்ணை மூடினார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. கடைசி வரி வரை படித்தேன். "வெரி குட்" என்று அட்டையை வலது கண்ணுக்கு மாற்றினார்.

"படிம்மா."

சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. அடுத்த ஆளுக்காகப் பலகையை மாற்றுகிறார்கள் போல என்று காத்திருந்தேன்.

"படிம்மா."

"சார், போர்டைத் திருப்பி வெச்சிருக்கீங்க."

"இல்லையே."

"எழுத்து ஒண்ணும் இல்ல சார் அதுல."

அவர் அட்டையை எடுத்தார். எழுத்துகள் இருந்தன. மறுபடி மூடினார். வெள்ளைச் சதுரம். நானே அவர் கையைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன், என் உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தி, என் முகத்துக்கு அருகில் கையை நீட்டி, "இது எத்தன விரல்?" என்று கேட்டார். கை இருப்பது தெரிந்தது. விரல்கள் தெரியவில்லை.

"இத்தன நாளு தெரியாதா உனக்கு?"

தெரியாது. இருபத்திரண்டு வயது வரை ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு உலகத்தைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. ஆடும்போது வலது கண்ணில் மணல் விழுந்தால் எல்லாம் வெளுத்துப்போகும். மணல் விழுந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். இடது கண்ணில் விழுந்தால் உறுத்தும், அவ்வளவுதான். அதுவும் இயல்பு என்றே நினைத்திருந்தேன்.

வெளியே வந்தேன். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, ஆரஞ்சைப் பெஞ்சில் வைத்துவிட்டு, எழுந்து வந்து என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தது.

"எத்தன சொல்லு."

"மொதல்ல கையைக் காட்டு."

"காட்டிட்டுதான்டி இருக்கேன்."

அவள் என் கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்போ அந்த ஓரத்துப் பந்தெல்லாம் எப்படிடி எடுத்த?" என்று கேட்டாள்.

"நீ கத்துவியே."

"நீ சோம்பேறின்னு நெனச்சுக் கத்துனேன்டி. இடது பக்கம் தாழ வந்தா லேட்டா போவ. திமிர்னு நெனச்சேன். அதுக்குத்தான் கத்துனது."

கடலூருக்குப் பஸ் ஏறினோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டே வந்தேன். மூடினால் புளியமரங்கள் பச்சைக் கறையாகப் போயின. திறந்தால் இலை இலையாகத் தெரிந்தது. பாண்டி தாண்டும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் சொன்னதும் அம்மா நம்பவில்லை. "பரீட்சையெல்லாம் எழுதுனா, ஊசியில நூல் கோக்குறா, கண்ணு தெரியலையாம்" என்று டாக்டரைத் திட்டினாள். அப்புறம் அவளே என் வலது கண்ணை மூடிச் சுவர்க் காலண்டரில் தேதி கேட்டாள். நான் காலண்டர் எங்கே என்று கேட்டேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் வீட்டில் எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரிந்தோம். அப்பா கூடத்தில் நின்று காலண்டரை மாற்றி மாற்றிப் படித்தார். தம்பியைப் பிடித்து நிறுத்தி அம்மா பத்து தடவை சோதித்தாள். எனக்கு மட்டும்தான் அப்படி என்று தெரிந்ததும் அவளுக்கு ஆறுதலா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரமே அப்பா என்னைப் பாண்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் டாக்டர் நிதானமாக விளக்கினார். பிறவியிலேயே இடது கண்ணில் பவர் ரொம்ப ஜாஸ்தி. வலது கண் நன்றாக இருந்ததால் மூளை இடது கண் சொல்வதைக் கேட்பதையே விட்டுவிட்டது. அஞ்சாறு வயசில் கண்டுபிடித்திருந்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைக் கொஞ்ச நாள் கட்டிவைத்துப் பழக்கியிருக்கலாம். இனிமேல் கண்ணாடியால் பெரிய பிரயோஜனம் இல்லை.

"ஸ்கூல்ல கண் கேம்ப் வெச்சிருப்பாங்களே?" என்று கேட்டார்.

அப்பா யோசித்துவிட்டு, "அந்த வருஷம் இவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு, போகல" என்றார்.

நான் என்ன செய்கிறேன் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மேஜையில் இருந்த பஞ்சு உருண்டையை எடுத்துச் சட்டென்று என்மேல் எறிந்தார். பிடித்தேன். என் வலது கண்ணை மூடச்சொல்லி மறுபடி எறிந்தார். அது என் நெற்றியில் பட்டு விழுந்த பிறகுதான் எறிந்தார் என்றே தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நீ ஆடவே முடியாது, ஆனா ஆடுற" என்றார். அப்பா குனிந்து பஞ்சைப் பொறுக்கி மேஜையில் வைத்தார்.

வேலை எனக்கு இல்லை என்று ஆயிற்று. அந்தப் பணிக்கு இரண்டு கண்ணும் வேண்டும், அது அவர்கள் விதி. அவளுக்குச் சேரச்சொல்லி ஆர்டர் வந்தது. வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்று மேல வீதியில் கடை வாசலில் நின்று என்னிடம் சொன்னாள். "எழுதுனா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றேன். அவள் அப்பா பித்தளைக் குடம் ஒன்றைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் சேர்வதற்கு முன்னால் சில்வர் பீச்சிலேயே ஒரு போட்டி இருந்தது. அதுதான் நாங்கள் சேர்ந்து ஆடப்போகும் கடைசிப் போட்டி. முதல் சுற்றில் எதிரே நின்ற பெண்களை நாங்கள் பலமுறை ஜெயித்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு ஆட்டம் தொடங்கியதிலிருந்தே வருகிற பந்து ஒவ்வொன்றையும் இது தெரிகிறதா தெரியவில்லையா என்று சந்தேகப்பட்டேன். முன்பு காலும் கையும் தாமாகப் போகும், இப்போது நான் அவற்றுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இடது கோட்டில் இரண்டு பந்து விழுந்தது. மூன்றாவது என் தோளில் பட்டுச் சிதறியது. மணல் மேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. முதல் செட் கையைவிட்டுப் போன பிறகுதான் என்ன குறைகிறது என்று புரிந்தது. அவள் கத்தவில்லை. அந்தத் தொண்டை மூடிக் கிடந்தது.

தண்ணீர் குடிக்கப் போனபோது கேட்டேன், "ஏன்டி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"எது?"

"கண்ணு தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி ஆயிடும்ல."

நான் பாட்டிலை மணலில் வீசினேன். "கத்துடி" என்றேன். "எப்பவும் கத்துற மாதிரி கத்து."

இரண்டாவது செட்டில் அவள் கத்தினாள், அழுதுகொண்டே கத்தினாள். மூக்கு ஒழுகியது, துடைக்க நேரமில்லை. "ஓரம்டி! ஓரம்! உள்ள, உள்ள!" என் கால்கள் அந்தக் குரலுக்குப் போயின. அந்தச் செட்டை எடுத்தோம். மூன்றாவதில் தோற்றோம். அவ்வளவுதான், அந்த வருஷம் மாநிலத்தில் முதலிடத்தில் இருந்த ஜோடி முதல் சுற்றிலேயே வெளியே வந்தது. பேப்பர்காரர் ஒருவர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். காற்று என்றாள் அவள்.

வேலை இல்லாமல் போனதால்தான் நான் முழு நேர ஆட்டக்காரியானேன் என்பது வேடிக்கை. சென்னையில் ஒரு தனியார் கிளப்பு, மாதச் சம்பளம் கொடுத்துப் பீச் வாலிபால் ஜோடிகளை வைத்திருந்தது. என் கண்ணைப் பற்றி முதலிலேயே சொன்னேன். மேனேஜர், "ஆடிக் காட்டு" என்றார். ஆடிக் காட்டினேன். தூத்துக்குடிப் பெண் ஒருத்தியை ஜோடியாகப் போட்டார்கள். முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன்: "எனக்கு இடது பக்கம் சரியா தெரியாது. நீ கத்தணும்." அவள் மெல்லப் பேசுகிற பெண். கத்தக் கற்றுக்கொள்ள ஒரு சீசன் ஆயிற்று. நானும் அதற்குள் வேறு மாதிரி ஆடக் கற்றுக்கொண்டேன். தலையை முழுதாகத் திருப்புவது, எதிராளியின் தோளைப் பார்த்துப் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கிளம்புவது. விசாகப்பட்டினம், கோழிக்கோடு, கோவா என்று போனோம். தேசிய அளவில் ஒருமுறை மூன்றாம் இடம் வந்தோம். இரண்டு கண்ணையும் நம்பி ஆடிய காலத்தில் அவ்வளவு தூரம் போனதில்லை.

தானே புயல் போன பிறகு வந்த கோடையில், 2012-இல், சில்வர் பீச்சில் மறுபடி ஒரு பெரிய போட்டி வைத்தார்கள். அரையிறுதியில் எதிர்ப் பக்கம் அவள் நின்றாள், தன் டிபார்ட்மெண்ட் ஜோடியோடு. அதுவரை வேறு வேறு பிரிவில் மாட்டி, நேருக்கு நேர் ஆடியதில்லை. வலைக்கடியில் கை கொடுத்தோம். "உங்கம்மா மீன் கொழம்பு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் சைவம், எங்கள் வீட்டில்தான் மீன் சாப்பிடுவாள். "ஞாயித்துக்கெழம வா" என்றேன்.

முதல் சர்வ் அவளுடையது. பந்தை உயர எறிந்தாள், அடித்தாள். தாழ, வேகமாக, என் இடது கோட்டை ஒட்டி வந்தது. நான் தலையைத் திருப்புவதற்குள் மணல் தெறித்தது.

தவறிப்போய் அங்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது சர்வும் அதே இடம். மூன்றாவதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கண்ணைப் பொத்திய கை அது. என் உடம்பில் எந்த இடம் இருட்டு என்று அங்குல அங்குலமாக அறிந்தவள் அந்தக் கடற்கரையில் அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பெண் என்னிடம் ஓடிவந்து, "அக்கா, அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

இடது பக்கம் தள்ளி நின்றேன். நடுவில் போட்டாள். நடுவுக்கு வந்தேன். மறுபடி ஓரம். இரண்டாவது செட்டில் நான் அவள் தோளையே பார்த்துக் கிளம்ப ஆரம்பித்தேன். அவள் தோளை என்னைவிட யாருக்குத் தெரியும்? நான்கைந்து பந்தை அப்படி எடுத்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பி அடித்து அவளையே வீழ்த்தினேன். கடைசி வரை இழுத்தோம். ஆனாலும் தோற்றோம். கை கொடுக்கும்போது அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்கப் பிடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் கிளப்பைக் கலைத்துவிட்டார்கள். நான் குறிஞ்சிப்பாடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் அந்த அரையிறுதிதான் எங்கள் ஊர்க் கடற்கரையில் நான் ஆடிய கடைசி ஆட்டம். அன்றைக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் என் இடது கோட்டில் விழுந்த அந்தப் பந்துகள்தான். வீட்டில் அம்மா விவரம் கேட்டு, "அவளா? உன் இடது பக்கமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "வரட்டும் இந்த வீட்டுக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள், ஒன்றும் நடக்காததுபோல, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் வஞ்சிரம் வாங்கித்தான் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் தட்டைப் பார்த்துக் குனிந்தபடி சாப்பிட்டேன். அவள் இரண்டாம் முறை சோறு வாங்கினாள். அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கரண்டியோடு நின்றபடியே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவளுக்குத் தெரியாத பக்கமா பாத்துப் பாத்து ஏன் போட்ட?"

அவள் வாயில் சோறு இருந்தது. முள்ளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற எங்க போட்டாலும் எடுத்துடுவாம்மா."